பழனிமலைச் சாரலில் மீசையின் சரித்திரம்

ஒரு மனிதன் தன் மேலுதட்டின்மீது வளரும் உரோமத்தை எவ்வளவு நீளம் விடுவது, நுனியை மேலே முறுக்குவதா கீழே தொங்கவிடுவதா, அல்லது அடியோடு வழித்துவிடுவதா என்பதையெல்லாம் அவனே தன் மனம்போலத் தீர்மானித்துக்கொள்ளலாம் என்பது இன்று நமக்கு விவாதத்துக்கே இடமில்லாத சாதாரண விஷயமாகத் தோன்றுகிறது. கோடைக்கானல் ஏரியைச் சுற்றி விடுமுறை நாட்களில் உலவும் இளைஞர்களின் முகங்களைச் சற்று ஊன்றிக் கவனித்தால், முறுக்கு மீசை, கடா மீசை, கன்னக் கிருதாவோடு இணைந்து இறங்கும் மீசை, கோடு இழுத்தாற்போன்ற பென்சில் மீசை, இப்போதுதான் கருத்துவரும் அரும்பு மீசை என்று எத்தனையோ ரகங்கள் கண்ணில் படும். அவர்களில் ஒருவனை நிறுத்தி, இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், பிடித்திருக்கிறது, அதனால் வைத்திருக்கிறேன் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. அந்த எளிய பதிலைச் சொல்லும் சுதந்திரத்தை மனித குலம் எளிதாகப் பெற்றுவிடவில்லை. தெய்வமும் அரசனும், சேனாதிபதியும் சாதித் தலைவனும், மூக்குக்கும் வாய்க்கும் இடைப்பட்ட அந்த இரண்டு விரற்கடை நிலத்தின்மீது தத்தம் அதிகாரத்தைச் செலுத்த முயன்ற நெடிய சரித்திரம் ஒன்று உண்டு. அந்தச் சரித்திரத்தின் முக்கியமான கட்டங்கள் பலவற்றை இந்தப் பழனிமலைத் தொடரும் அதன் அடிவாரமும் கண்டிருக்கின்றன என்பதே இக்கட்டுரைக்கு ஆதாரம்.

வராககிரி என்று புராணங்கள் வழங்கும் இத்தொடர், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிளைத்துக் கிழக்கே நீண்டு, வடபுறத்தில் பழனியையும் ஒட்டன்சத்திரத்தையும், தென்புறத்தில் பெரியகுளத்தையும் தன் நிழலில் வைத்துக்கொண்டிருக்கிறது. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் அடிவார நாட்டை ஆண்டான். சங்கப் புலவர்கள் கோடைப் பொருநன் என்று அழைத்த கடிய நெடுவேட்டுவன் மேலேயுள்ள மலைக்குத் தலைவன் என்று அறிஞர் கூறுவர். அவர்களுக்கும் முற்பட்ட மாந்தர் விட்டுச்சென்ற கற்பதுக்கைகள் தாண்டிக்குடி முதலிய இடங்களில் இன்றும் நிற்கின்றன. செண்பகனூர் ஏசு சபைத் துறவியாகிய ஆங்கலேடு பாதிரியார், நியூட்டன் என்பாரோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது. அந்த ஆதி மாந்தரின் முகங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. முகம் என்று ஒன்று, அதுவும் மீசையோடு கூடிய முகம், இம்மலையின் அடிவாரத்தில் பிரத்தியட்சமாக நமக்குக் கிடைப்பது ஊர் எல்லைத் தெய்வங்களிடத்தில்தான்.

சிவாலயத்திலும் விஷ்ணு ஆலயத்திலும் கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூர்த்திகளுக்குப் பெரும்பாலும் மீசை கிடையாது. குருக்ஷேத்திரத்தில் தேரோட்டிய கோலத்தில் நிற்கும் திருவல்லிக்கேணி வேங்கடகிருஷ்ணன் மீசையோடு காட்சி தருவது, விதிவிலக்கு என்பதனாலேயே பிரசித்தி பெற்றது. ஆனால் ஊருக்கு வெளியே, ஏரிக்கரையிலும் ஆலமரத்தடியிலும் காவல் நிற்கும் ஐயனாருக்கும் கருப்பசாமிக்கும் மதுரை வீரனுக்கும் மீசை இன்றியமையாத லட்சணம். மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் மண்குதிரையும் மண்சிலையும் செய்து புரவியெடுப்பு நடத்தித் தரும் வேளார் குலத்துக் கைவினைஞர்கள், களிமண்ணை உருட்டித் திரித்து, மூக்கின் கீழ்க் குழிவிலிருந்து இருபுறமும் ஒரே சீராக ஏற்றி, கன்னத்தின்மீது நுனி சுருளும்படி அதைப் பதித்துவிட்டு, சூளையில் வெந்தபின் கருஞ்சாயம் தீட்டுகிறார்கள். பிதுங்கிய கண்ணும் ஓங்கிய அரிவாளும் சேர்ந்து கள்வனுக்கு விடுக்கும் எச்சரிக்கையில் பாதிப் பங்கு அந்த மீசையினுடையது. காவலும் மீசையும் ஒன்றோடொன்று பிணைந்த இந்த எண்ணம்தான், ஊரைக் காக்கும் பொறுப்பு மனிதர்களிடம் வந்தபோது அவர்களுடைய முகத்துக்கும் வந்து சேர்ந்தது.

அந்தப் பொறுப்பு நாயக்கர் ஆட்சியில் பாளையக்காரர்களிடம் ஒப்புவிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரை ராஜ்யத்தை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தார்கள் என்பது மரபு. அவ்வாறு அமைந்த பாளையங்களில் கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடி, இடையக்கோட்டை, பழனிக்கு அருகிலுள்ள பாலசமுத்திரம் ஆகியவை இம்மலையை ஒட்டியே அமைந்தன. மலைப்பாதைகளைக் காப்பதும், வேண்டும்போது படையோடு செல்வதும் அந்தக் குடிகளின் கடமை. அத்தகைய சமூகத்தில் முறுக்கிய மீசை வெறும் அலங்காரம் அன்று. இவன் ஆயுதம் ஏந்தத் தகுந்தவன், கொடுத்த வாக்கிலிருந்து பிறழாதவன் என்பதற்கு அது பகிரங்கமான அத்தாட்சி. பந்தயத்தில் தோற்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சபதம் செய்வதும், தந்தை இறந்தபின் கருமத்தின்போது மகன் மீசையை இழப்பதும், அது முகத்தில் வளர்ந்தாலும் குடும்பத்தின் மானத்தில் வேரூன்றியது என்ற நம்பிக்கையின் அடையாளங்கள்.

மானம் எங்கே குடியிருக்கிறதோ அங்கேயே பகைவன் கத்தியை வைப்பான் என்பதற்கு இந்த அடிவாரத்தில் நிகழ்ந்ததைப் போன்ற கொடிய உதாரணம் வேறில்லை. திருமலை நாயக்கர் 1659-இல் காலமாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி, எதிர்ப்பட்ட ஆண் பெண் குழந்தைகளின் மூக்கை அறுத்துக்கொண்டே முன்னேறிற்று. அக்காலத்தில் மதுரை மிஷனில் பணியாற்றிய ஏசு சபைப் பாதிரியார் புரோயென்சாவின் கடிதம் இந்தக் கொடுமையை விவரிக்கிறது. மூக்கை மட்டும் அறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. மேலுதட்டையும் சேர்த்துக் கொய்வதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள்; மீசை ஒட்டிய உதட்டோடு அந்த மூக்குகளை மூட்டைகட்டித் தங்கள் அரசனுக்கு அனுப்பினார்கள். நோயுற்றிருந்த திருமலை நாயக்கர் சேதுபதியின் உதவியை வேண்ட, ரகுநாத சேதுபதியின் மறவர் சேனை மைசூர்ப் படையைத் திண்டுக்கல் வரையில் துரத்திச் சென்றது. பின்னர் நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூருக்குள் புகுந்து அதே கொடுமையைத் திருப்பிச் செய்தார். மூக்கறுப்புப் போர் என்று சரித்திரம் வழங்கும் இந்த யுத்தத்தில், மீசை என்பது உடம்பிலிருந்து பிரித்தெடுத்து மூட்டைகட்டத்தக்க யுத்தப் பொருளாகிவிட்டது. பௌருஷத்தின் சின்னம் என்று ஓர் அடையாளத்தை மிகையாகப் போற்றும் சமூகம், அந்த அடையாளத்தின் பொருட்டே எத்தகைய துன்பத்துக்கு ஆளாக நேர்கிறது என்பதை இந்த நிகழ்ச்சியைக் காட்டிலும் தெளிவாக எடுத்துக்காட்டுவது எதுவுமில்லை.

நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தன. திப்பு சுல்தானோடு செய்துகொண்ட 1792-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர், பல சீமைத் தலைவர்களைத் திண்டுக்கல் கூட்டிணைவில் ஒன்றுதிரட்டிக் கம்பெனியை எதிர்த்து, இம்மலைகளைத் தமக்கு அரணாகக் கொண்டு போராடி, இறுதியில் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். பாளையங்களின் படைகள் கலைக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வாளும் வேலும் போனபின் அந்தக் குடிகளின் பழைய வீரத்துக்கு எஞ்சி நின்ற சாட்சி முகத்திலிருந்த மீசை ஒன்றுதான். அந்த மீசையின் வடிவத்தையும் தானே நிர்ணயிக்கலாம் என்று கம்பெனி எண்ணியபோதுதான் பெரிய விபரீதம் விளைந்தது.

சென்னை ராணுவத்தின் தளபதியாயிருந்த சர் ஜான் கிராடக், சிப்பாய்களின் தோற்றத்தை ஒழுங்குபடுத்தக் கருதி விதிகள் வகுத்தார். புதுமாதிரியான தலைப்பாகை, நெற்றியில் சாதிக் குறிகள் இடலாகாது, சீருடையில் கடுக்கன் கூடாது, முகவாயில் தாடி இருக்கக்கூடாது என்பனவற்றோடு, மேலுதட்டு உரோமத்தின் அளவும் அமைப்பும் இயன்றவரையில் எல்லோருக்கும் ஒரேமாதிரி இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இடம்பெற்றது. சிப்பாய்கள் இதைப் பொறுக்கவில்லை. 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் மூண்ட புரட்சிக்கு வேறு அரசியல் காரணங்களும் இருந்தன. கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்களின் சம்பந்தமும் அதில் இருந்தது. ஆயினும் நெருப்பை மூட்டியது, முகத்தையும் தலையையும் பற்றிய அந்த விதிகளே. ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றைய தினமே புரட்சியை ரத்த வெள்ளத்தில் அடக்கியது. ஆனால் விதிகள் திரும்பப் பெறப்பட்டன, தளபதி கிராடக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் பதவியிலிருந்து திருப்பியழைக்கப்பட்டார்கள். தன் மீசையின் வடிவத்தைத் தானே முடிவுசெய்வது என்ற உரிமைக்காகத் தமிழ்நாட்டு மனிதன் எழுப்பிய குரல்களில் சரித்திரம் பதிவுசெய்துள்ள மிக உரத்த குரல் இதுவேயாகும்.

பின்னர் நிகழ்ந்ததோ எவரும் எதிர்பாராதது: ஆள வந்தவர்களே ஆளப்பட்டவர்களின் மீசையை ஏற்றுக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கனவான்கள் முகத்தைச் சுத்தமாக வழித்துக்கொள்வதையே நாகரிகம் என்று கருதினார்கள். ஆனால் மீசையற்ற அதிகாரியைச் சிப்பாய்கள் ஆண்மையில் குறைந்தவனாக நோக்குகிறார்கள் என்ற எண்ணம் மெல்லப் பரவியது. பம்பாய் ராணுவத்தில் 1854-இல் ஐரோப்பியத் துருப்புகள் மீசை வைக்க வேண்டும் என்றே உத்தரவாயிற்று. அதே ஆண்டுகளில் நடந்த கிரைமிய யுத்தத்தின் குளிரும் தாடி மீசைகளை வளர்த்துவிட, சுமார் 1860 முதல் பிரிட்டிஷ் ராணுவத்தில் மேலுதட்டை வழிப்பது விதிமீறலாகவே ஆகிவிட்டது.

கோடைக்கானல் ஒரு நகரமாக உருவெடுத்தது இந்தக் காலத்தில்தான். 1821-இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி இம்மலையை அளந்தார். வெப்பத்துக்கும் காலராவுக்கும் தங்கள் மக்களைப் பறிகொடுத்த மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ்சு 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1872-இல் மலைச்சரிவின் விளிம்பில் கோக்கர் நடைபாதை அமைந்தது. 1914-இல் மோட்டார் சாலை திறக்கப்படும் வரையில், பெரியகுளம் பக்கத்திலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியிலும் குதிரையிலுமாக ஏறிவந்த துரைமார்களில் ராணுவத்தைச் சேர்ந்தோர் எவராயினும், தம் நாட்டு விதிப்படி மீசையோடுதான் வந்திருக்க வேண்டும். அவர்களைச் சுமந்து ஏறிய கூலியாட்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் சொந்த ஊரில் மீசையை மேல்நோக்கி முறுக்கும் சுதந்திரம் இருந்ததில்லை என்பதை நினைக்கும்போது, ஒரே பாதையில் ஏறிய இரு முகங்களுக்கிடையே எத்தனை பெரிய அநீதி இருந்தது என்பது விளங்கும். துரைமார்களின் கட்டாய மீசைக்கும் ஒரு முடிவு வந்தது. முதல் உலக யுத்தத்தின் நடுவில், 1916 அக்டோபரில், ஜெனரல் நெவில் மாக்ரெடி அந்த விதியை ரத்துசெய்யும் உத்தரவில் கையொப்பமிட்டார். மீசையை விரும்பாத அவர் அன்றைக்கே நாவிதரிடம் சென்று தம் மீசையையும் எடுத்துக்கொண்டார் என்பர். சிப்பாய்க்கு வேலூரில் உயிரைக் கொடுத்தும் அரைகுறையாகவே கிடைத்த சுதந்திரம், துரைக்கு ஒரு பேனா முனையில் முழுதாகக் கிடைத்துவிட்டது.

மேலே சொன்ன அநீதியை இன்னும் சற்று விரித்துரைப்பது அவசியம். ஏனெனில் மீசையின் சரித்திரத்தை வீரர்களின் பெருமையாக மட்டும் எழுதிச்செல்வது பாதி உண்மையாகும். ஒருவன் தன் மீசையை முறுக்குவதற்கு, இன்னொருவன் தன் மீசையைத் தாழ்த்தவேண்டும் என்று வகுத்த சமூகம் நம்முடையது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார்மீது சுமத்தப்பட்ட எண்ணற்ற வரிகளுள் மீசைக்கென்றும் ஒரு வரி இருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்க சாதியார் விதித்த எட்டுத் தடைகளில், பொன் வெள்ளி நகைகள் அணியலாகாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாகாது, சட்டை கூடாது என்பவற்றோடு, தலைமயிரைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் ஒன்று. மனிதனின் முகத்தையும் தலையையும் அவனிடமிருந்து பறிக்கும் இந்தக் குணம் ஒரு தேசத்துக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் நகரத்துக் காபி விடுதிப் பணியாளர்களுக்கு ஒருகாலத்தில் மீசை வைத்துக்கொள்ள அனுமதி இருந்ததில்லை. உணவு பரிமாறும் வேலைக்காரன் உண்ண வரும் கனவானைப்போலத் தோன்றலாகாது என்பது முதலாளிகளின் கருத்தாக இருந்தது. 1907-இல் அந்தப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று மீசை வளர்க்கும் உரிமை.

மீசை மறுக்கப்பட்டவர்களைப் போலவே, சம்பிரதாயம் கருதித் தாமே அதை விலக்கிய வகுப்பாரும் உண்டு. வைதிகப் பிராமணர் மீசை வைப்பதில்லை. அந்தக் குலத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி, காசியில் வாழ்ந்த இளம்பருவத்திலேயே குடுமியை விடுத்துக் கிராப்பும் மீசையுமாகத் தம் தோற்றத்தை மாற்றிக்கொண்டார். 1919-இல் காரைக்குடியில் எடுத்த புகைப்படத்தில் கையில் தடியோடும் தலைப்பாகையோடும் அவர் அமர்ந்திருக்கும் தோரணையில், அந்த முறுக்கிய மீசைக்கு உள்ள பங்கைத் தமிழர் எவரும் மறக்க இயலாது. பிறப்பினால் தமக்கு வகுக்கப்பட்ட முகத்தை ஒதுக்கி, தாமே தேர்ந்துகொண்ட ஒரு முகத்தோடு உலகத்தின்முன் நிற்பது என்பதை நம் நாட்டில் முதலிலே துணிந்து செய்தவர்களுள் அவரையும் சேர்த்தே எண்ண வேண்டும். இன்று பிடித்திருக்கிறது, வைத்திருக்கிறேன் என்று ஓர் இளைஞன் சொல்லும்போது, அவன் அறிந்தோ அறியாமலோ அந்தத் துணிவின் வாரிசாகவே பேசுகிறான்.

இவ்வளவு அரும்பாடுபட்டுக் காத்த மீசையை மனமுவந்து இழப்பதற்கும் இம்மலை ஓரிடம் வைத்திருக்கிறது. போகர் என்னும் சித்தர் நவபாஷாணத்தால் அமைத்ததாக ஐதிகம் கூறும் தண்டாயுதபாணியின் சந்நிதிக்கு, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி சுமந்து கால்நடையாக வரும் அடியார்கள், விரதம் தொடங்கிய நாள்முதல் முகத்தில் கத்தி படாமல் தாடியும் மீசையும் தாமே வளரும்படி விட்டு, அடிவாரத்தில் முடிக் கொட்டகையில் அமர்ந்து அவை அனைத்தையும் காணிக்கையாக இறக்கிவிட்டு, குளிர்ந்த நீரில் மூழ்கி, மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையேறுகிறார்கள். பாளையத்து வம்சத்தவரும் அவர்களுடைய பண்ணையாளும், அதிகாரியும் சேவகனும் அந்தக் கொட்டகையிலிருந்து வெளிவரும்போது ஒரே தோற்றத்தோடு வருகிறார்கள். தலையை முழுதும் கொடுத்துவிட்டு, மீசையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நாவிதரிடம் கேட்டுக்கொள்பவர்களும் உண்டு; அவர்களை முருகன் கோபிப்பதாக யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் ஆண்டியாக நிற்கும் அந்தப் பாலகனே ஒரு தினத்துக்குள் வேடனாகவும், வைதிகனாகவும், முதியவனாகவும், கிரீடமணிந்த ராஜனாகவும் வெவ்வேறு அலங்காரங்களில் காட்சி தருகிறான். வெவ்வேறு கோலம் புனைவதும் அதைக் களைவதும் இரண்டுமே அவன் சந்நிதியில் வழிபாடு. சிப்பாயிடமிருந்து உத்தரவினால் பறிக்கப் புகுந்தபோது புரட்சியை மூட்டிய அதே உரோமம், பக்தியினால் கேட்கப்படும்போது மறுவார்த்தையின்றிக் கொடுக்கப்படுகிறது. சுதந்திரம் என்பது வைத்துக்கொள்வதில் மட்டும் இல்லை, கொடுப்பதிலும் உண்டு என்பதைப் பழனி நெடுங்காலமாகக் கற்பித்துவருகிறது.

இங்கே அந்த நாவிதர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தகரப் பெட்டியில் கத்தியும் கத்தரியும், சாணைக்கல்லும் தோல்வாரும், சிறு கண்ணாடியும் கிண்ணமும் வைத்துக்கொண்டு, மரத்தடியிலும் திண்ணையிலும் தொழில் செய்து, அறுவடைக் காலத்தில் களத்து நெல்லைக் கூலியாகப் பெற்ற அவர்கள்தாம் ஊராரின் முகங்களை உருவாக்கியவர்கள். ஆனால் அவர்களுக்கு உரிய மரியாதையை ஊர் கொடுத்ததில்லை. நகரங்களில் சலூன்கள் தோன்றியபோது நிலைமை மாறத் தொடங்கியது. வருகிறவர் சாதி பாராமல் ஒரே நாற்காலியில் அமரவும், காத்திருப்போர் பெஞ்சில் பத்திரிகை படித்து அரசியல் பேசவும் இடம் தந்த அந்தச் சிறு கடைகள், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சுயமரியாதைக் கருத்துகள் பரவிய முக்கியமான நிலையங்களாக விளங்கின. 2021-இல் தமிழக அரசு திருக்கோயில்களில் முடிகாணிக்கைக் கட்டணத்தை நீக்கி, அப்பணியைச் செய்வோருக்கு மாதம் 5000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தபோது, பழனிக் கொட்டகைகளில் உழைப்போரும் அதன் பயனைப் பெற்றார்கள்.

மீசை வளர்ப்பது எளிது, பேணுவது அரிது என்பதை அந்தத் தொழிலாளிகளே நன்கு அறிவார்கள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவே நீளும் உரோமம், முறுக்குவதற்குப் பதமான நீளம் அடைய மூன்று நான்கு மாதங்களாவது பொறுமை வேண்டும். அதற்குள் உதட்டின்மேல் விழும் குட்டை மயிரைக் கத்தரிக்கலாமேயன்றி, பக்கவாட்டில் ஓடும் நுனியைத் தொடலாகாது. நடுக்குழிவிலிருந்து இருபுறமும் வகிர்ந்து சீவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நுனியை அன்றாடம் ஒரே திசையில் திரித்துப் பழக்க வேண்டும். சமவெளியில் தேங்காய் எண்ணெயே போதும் என்பவர், கோடைக்கானலின் மார்கழிக் காலையில் அதே எண்ணெய் புட்டியில் உறைந்து கட்டியாக நிற்பதைக் காண்பார். அதனால் குளிரிலும் இளகிய பதத்தை இழக்காத விளக்கெண்ணெயை நாடுவதே நல்லது. இதைக் காட்டிலும் உறுதியான சாதனம் இந்த மலையிலேயே கிடைக்கிறது. பழனிமலைப் பளியர்கள் உயர்ந்த பாறை முகடுகளில் கொடி கட்டி இறங்கி எடுத்துவரும் மலைத்தேனின் அடையிலிருந்து கிட்டும் மெழுகு, சுமார் 62 பாகை வெப்பத்துக்குமேல்தான் உருகக்கூடியது. சிறிதளவு எண்ணெயோடு இளக்கிச் சேர்த்து நுனியில் தடவினால், மலைக்காற்றிலும் மூடுபனியிலும் மீசை வைத்த இடத்தில் நிற்கும். உலகம் முழுவதும் சீசாக்களில் விற்கும் மீசை மெழுகுகளின் மூலப்பொருளும் தேன்மெழுகுதான்.

யுத்தமும் அதிகாரமும் விலகியபின் மீசை விளையாட்டின் உலகத்துக்குள் பிரவேசித்தது. நம் நாட்டில் அதற்கு வழி திறந்தது சினிமா. 1959-இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தில் சிவாஜி கணேசன் தாங்கிய பெரிய மீசை பாளையக்காரனின் பழைய கம்பீரத்தை மீட்டெடுத்தது, எம்.ஜி.ஆரின் மெல்லிய கீற்று மீசையோ அதற்கு நேர்மாறான நாகரிகத்தைத் தமிழ் இளைஞருக்குக் காட்டியது. வீரனின் மீசை, காதலனின் மீசை என்று இரண்டில் எதையும் ஒருவன் தேர்ந்துகொள்ளலாம் என்று ஆனதே பெரிய மாறுதல். லண்டனில் 1947-இல் முறுக்கு மீசைக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்தார்கள். ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் 1990-இல் தாடி மீசைகளுக்கு உலகப் போட்டி தொடங்கிற்று. ராஜஸ்தானத்தின் புஷ்கர் சந்தையில் ஒட்டகங்களோடு மீசைகளும் பரிசுக்குப் போட்டியிடுகின்றன. ஜெய்ப்பூரைச் சேர்ந்த ராம் சிங் சௌகானின் மீசை 2010-இல் ரோமாபுரியில் அளக்கப்பட்டபோது 4.29 மீட்டர் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் போலீஸ்காரர்கள் சிலருக்கு மீசையைப் பேணுவதற்கென்று மாதம் 30 ரூபாய் வழங்கியதாக 2004-இல் செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நண்பர்கள் சிலர் 2003-இல் விளையாட்டாகத் தொடங்கிய நவம்பர் மாத மீசை வளர்ப்பு, ஆண்களைத் தாக்கும் புற்றுநோயைப் பற்றிய விழிப்பையும் அதற்கான நிதியையும் உலகெங்கும் திரட்டும் தர்மகாரியமாக வளர்ந்துவிட்டது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விமானப்படை வீரர் அபிநந்தன் வர்த்தமான் 2019 மார்ச்சில் பாகிஸ்தானிலிருந்து மீண்டபோது, கன்னம் வரை இறங்கி வளைந்த அவருடைய மீசையைக் கேட்டு இந்தியா முழுவதும் இளைஞர்கள் சலூன்களுக்குச் சென்றார்கள்.

ஆனால் இந்த மகிழ்ச்சி இன்னும் எல்லோருக்கும் பொதுவாகிவிடவில்லை. குஜராத்தில் 2017-இல், மீசை வைத்த குற்றத்துக்காகத் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். நாடெங்கும் அந்தச் சமூகத்து இளைஞர்கள் தம் மீசையை முறுக்கிய படங்களை வெளியிட்டு அதற்கு விடையளித்தார்கள். கல்லெறியாமல், கத்தியெடுக்காமல், புன்னகையோடு மீசையை முறுக்கிக் காட்டியே ஒரு கொடுமையை எதிர்க்க முடியும் என்று அவர்கள் நிறுவியது, வேலூரில் தொடங்கிய வழக்கின் மிக நாகரிகமான வாதம் என்று கருதுகிறேன்.

மீசையைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வதும் மாற்றிக்கொள்வதும் அற்பமான பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு அற்பமாக நினைக்கும்படி அது ஆகிவிட்டதே இந்தச் சரித்திரத்தின் வெற்றி. மூக்கறுப்புப் படையின் கருவியும், கம்பெனி தளபதியின் விதியும், சமஸ்தானத்தின் வரியும், ஊர்க்கட்டுப்பாட்டின் தடையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றபின்னரே ஓர் இளைஞன் கண்ணாடியின்முன் நின்று, இன்று மேலே முறுக்கலாமா, நாளை வழித்துவிடலாமா என்று யோசித்து இன்புற முடிகிறது. அந்த இன்பத்தை அனுபவிப்பவனுக்கு ஒரே ஒரு கடமைதான் உண்டு. தன் மீசைமேல் தனக்குள்ள உரிமை அடுத்தவன் முகத்திலும் அப்படியே உண்டு என்பதை மறவாமலிருப்பதும், அது மறுக்கப்படும் இடத்தில் மௌனமாயிராமல் பேசுவதுமே அந்தக் கடமை. அதைச் செய்கிறவனுடைய மீசை எந்த வடிவத்தில் இருந்தாலும் அழகியதே. மீசையே இல்லாவிட்டாலும் அவன் முகம் அழகியதே.